லிஸ்பனை ஆற்றிலிருந்து தொடங்குங்கள்: திருகோணமலையிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு கையேடு

லிஸ்பனில் இறங்கியதும் பயணப் பையை அறையில் வைத்துவிட்டு, கோட்டைக்கும் தேவாலயத்துக்கும் ஓடாமல், நேரே படகுத்துறைக்குப் போங்கள். துறையின் பெயர் காய்ஷ் து சொட்ரே. அங்கிருந்து தேஜு ஆற்றின் எதிர்க்கரையிலுள்ள கசில்யாஷுக்கு நாள் முழுக்கப் பயணிகள் படகு ஓடுகிறது. பத்து நிமிடப் பயணம். கட்டணம் இரண்டு யூரோவைத் தாண்டாது. அந்த ஊரில் இவ்வளவு குறைந்த காசுக்கு இவ்வளவு பெரிய காட்சி வேறெதிலும் கிடைக்காது.

மூதூருக்கு லோஞ்சில் போன தலைமுறைக்கு இதன் காரணத்தை விளக்கத் தேவையில்லை. கரையில் நிற்கும்போது துண்டு துண்டாகத் தெரிகிற திருகோணமலை, கொட்டியாரக் குடாவின் நடுவே போனதும் கோணமலைப் பாறை, கோட்டை, துறைமுகம் என்று ஒரே பார்வையில் சேர்ந்து நிற்கும். லிஸ்பனும் அப்படித்தான். படகின் பின்பக்க யன்னலோரம் நின்று நகரைப் பாருங்கள். வலப்பக்க மேட்டில் சாவ் ஜோர்ஜ் கோட்டை. அதன் அடிவாரத்தில் நெருக்கியடித்து இறங்கி வரும் வீடுகள் அல்ஃபாமா. நடுவில் ஒரு தட்டையான பள்ளம். அதுதான் பாய்ஷா, கடைத்தெருப் பகுதி. இடப்பக்க மேடு ஷியாதுவும் பாய்ரு ஆல்துவும். இன்னும் இடப்பக்கம், மேற்கே, ‘25 ஏப்ரல்’ என்ற செந்நிறத் தொங்குபாலம். பாலத்துக்கு அப்பால் பெலேங், அதற்கும் அப்பால் அத்லாந்திக் கடல். இந்தப் படம் மனதில் பதிந்துவிட்டால் மீதி நாட்களில் வழி தவறாது. எந்தச் சந்தில் மாட்டிக்கொண்டாலும் இறக்கத்தைப் பிடித்து நடந்தால் ஆற்றுக்கு வந்துவிடுவீர்கள்.

காலை 7 மணிமுதல் 9.30 வரையும் மாலை 5 முதல் 7 வரையும் கூடியவரை படகில் ஏறாதீர்கள். வேலைக்குப் போய் வருகிறவர்களின் நேரம் அது. யன்னலோரம் கிடைக்காது, நாமும் அவர்களுக்கு இடைஞ்சல். மாலைச் சூரியன் இறங்குவதற்கு இரண்டு மணித்தியாலம் முன்பு போய், இருட்டத் தொடங்கும்போது திரும்புவதுதான் சரியான கணக்கு. யூனில் சூரியன் மறைய இரவு 9 மணியாகும், டிசெம்பரில் 5.15க்கே மறைந்துவிடும்.

கசில்யாஷில் இறங்கியதும் உலர்துறையில் ஒரு பழைய பாய்க்கப்பல் நிற்பதைக் காணலாம். டொம் ஃபெர்னாந்து என்ற அந்தப் போர்க்கப்பல் இந்தியாவின் டாமனில் தேக்குமரத்தால் கட்டப்பட்டு 1843இல் நீரில் இறக்கப்பட்டது. நம்முடைய ஊரின் பெயரைத் தாங்கிய ஒரு கப்பலும் உண்டு: 1817இல் பம்பாயில், அதுவும் தேக்கில் கட்டப்பட்ட ‘திருகோணமலை’ இன்று இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூலில் அருங்காட்சியகமாக நிற்கிறது. ஒரே வகை மரம், ஒரே கரைக் கைவினை. கப்பலுக்குள் போய்க் கீழ்த்தட்டில் குனிந்து நடந்து பாருங்கள், ஒரு மணித்தியாலம் போதும்.

புறப்படுமுன்

போர்த்துக்கல், ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகளில் ஒன்று. விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம்; கடைசி எல்லை 15 நாள். முடிவு வழமையாக 15 நாளில் வரும், சிலவேளை 45 நாள் வரை இழுக்கும். ஆகவே இரண்டு மாதம் முன்பாகக் கொடுப்பதே நிம்மதி. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 45. கடவுச்சீட்டு கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக, திரும்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக, இரண்டு வெற்றுப் பக்கமாவது உள்ளதாக இருக்க வேண்டும். பயணக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு. கைரேகை கொடுக்க நேரில் கொழும்புக்குப் போகவேண்டும். முதல் நாளிரவே திருகோணமலையிலிருந்து புறப்பட்டால்தான் காலை நேரத்துக்குச் சேரலாம். கடந்த 59 மாதத்துக்குள் வேறு ஷெங்கன் விசாவுக்குக் கைரேகை கொடுத்திருந்தால் அதை மீண்டும் பயன்படுத்தலாம், விண்ணப்பத்தில் குறிப்பிடுங்கள்.

நம்மவர்கள் அடிக்கடி தடுக்கி விழுவது மூன்று இடத்தில். முதலாவது, எந்த நாட்டில் விண்ணப்பிப்பது என்பது. பாரிஸில் தங்கை வீட்டில் 10 நாள், லிஸ்பனில் 4 நாள் என்றால் விண்ணப்பம் போகவேண்டியது பிரான்சுக்கு. கூடுதல் நாள் தங்கும் நாடே கணக்கு. நாட்கள் சமமாக இருந்தால் முதலில் இறங்கும் நாடு. இரண்டாவது, நடுவில் லண்டனுக்கு ஓடிப்போய் வருவது. பிரித்தானியாவுக்குத் தனி விசா, அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் லண்டனிலிருந்து மறுபடி ஐரோப்பாவுக்குள் நுழைய ஷெங்கன் விசா ஒருமுறை நுழைவுக்கானதாக இருந்தால் பயன்படாது என்பதைப் பலர் விமான நிலையத்தில்தான் அறிகிறார்கள். இரண்டு அல்லது பலமுறை நுழைவென்று கேட்டு எழுதுங்கள். மூன்றாவது, விண்ணப்பத்துக்கு முந்திய வாரம் வங்கிக் கணக்கில் ஒரு பெருந்தொகையைப் போடுவது. மாதக்கணக்காக மெல்ல ஓடிய கணக்கில் திடீரென்று வந்த பணம் சந்தேகத்தைக் கிளப்பும். காணி விற்ற காசு என்றால் உறுதிப் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள்.

கட்டுநாயக்காவிலிருந்து லிஸ்பனுக்கு நேரடி விமானம் கிடையாது. துபாய், தோஹா, இஸ்தான்புல் வழியாகப் போனால் குடிவரவுச் சோதனை லிஸ்பனில்தான். 2025 ஒக்டோபரிலிருந்து படிப்படியாக வந்த புதிய முறையில் முதல் நுழைவின்போது முகப்படம் எடுக்கிறார்கள். வரிசை நீளும் என்பதால் இறங்கிய அன்று வேறெதற்கும் நேரம் குறித்து முன்பதிவு செய்யாதீர்கள். கோடையில் நம்மைவிட நாலரை மணித்தியாலம் பின்னே, குளிர்காலத்தில் ஐந்தரை.

ஏப்ரல் நடுவிலிருந்து யூன் வரை, பிறகு செப்டெம்பர், ஒக்டோபர். இவைதான் நல்ல மாதங்கள். நவெம்பர் முதல் பெப்ரவரி வரை மழை. குளிர் 8 பாகை வரை இறங்கும், வீட்டுக்குள் பல இடத்தில் சூடேற்றி இருக்காது. கோடையில் பகல் நம்மூர் வெயில்தான், ஆனால் பின்னேரம் வடக்கிலிருந்து ஒரு காற்று எழும்பும். நம்முடைய கச்சான் உடலை வாட்டும்; அது குளிரும். யூலையிலும் ஒரு மெல்லிய மேற்சட்டை தோளில் இருக்கட்டும்.

தங்குமிடம் தேடும்போது படத்தைப் பார்த்து மயங்காமல், ‘லிஃப்ட் உண்டா’ என்று கேளுங்கள். பாய்ஷாவின் பழைய கட்டடங்கள் நாலைந்து மாடி, பலவற்றில் குறுகிய மரப்படிதான். அல்ஃபாமா சந்துகளுக்குள் கார் நுழையாது; வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் அங்கே அறை எடுக்கவே வேண்டாம். பாய்ஷா தட்டையான இடம், ஆறும் மெட்ரோவும் பக்கத்தில். காய்ஷ் து சொட்ரேயும் வசதிதான், ஆனால் துறைக்குப் பின்னாலுள்ள தெருக்களில் விடிய விடியக் குடிச்சத்தம். அறை வாடகைக்கு மேல் ஆளுக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ நகர வரி, ஆகக்கூடியது 7 இரவுக்கு. 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இல்லை. இதை இறங்கியதும் தனியாகக் கேட்பார்கள், ஏமாற்று என்று நினைக்காதீர்கள்.

மெட்ரோவும் அட்டையும்

விமான நிலையத்துக்குள்ளேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. சிவப்புப் பாதையில் ஏறி அலமேதாவில் இறங்கிப் பச்சைப் பாதைக்கு மாறினால் ரொசியு, பாய்ஷா–ஷியாது, கடைசியில் காய்ஷ் து சொட்ரே. ஏறக்குறைய அரை மணித்தியாலம். காலை 6.30 முதல் இரவு 1 மணிவரை ஓடும்.

நிலையத்து இயந்திரத்தில் ‘நவெகாந்த்’ என்ற அட்டையை 50 சதத்துக்கு வாங்குங்கள். ஆளுக்கொன்று கட்டாயம்; ஒரே அட்டையை நாலு பேர் மாற்றி மாற்றித் தட்டினால் கதவு திறக்காது. அதில் காசு ஏற்றும்போது ‘ஸாப்பிங்’ என்ற முறையைத் தெரிவு செய்தால், ஏறும் ஒவ்வொரு முறையும் அதற்குரிய தொகை மட்டும் கழியும். மெட்ரோ, பஸ், ட்ராம், ஆற்றுப் படகு, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே காசு. 24 மணி நேரச் சீட்டு ஒரு நாளில் நாலைந்து தடவைக்கு மேல் ஏறி இறங்குவோருக்கே இலாபம். அதன் சாதாரண வகையில் படகு சேராது, அதற்குக் கொஞ்சம் விலை கூடிய இன்னொன்று உண்டு. ஸாப்பிங் காசு இருக்கும் அட்டையில் 24 மணிச் சீட்டை ஏற்றப் பார்த்தால் இயந்திரம் மறுக்கும். பழுதென்று நினைத்துப் பலர் மூன்று நான்கு தடவை அட்டையைத் திணிக்கிறார்கள். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு அட்டை வாங்குங்கள். மெட்ரோவில் வெளியே வரும்போதும் தட்டவேண்டும், ஆகவே அட்டையைப் பையின் அடியில் புதைக்காதீர்கள்.

பணம் எடுக்க ‘மல்டிபாங்கோ’ என்ற பெயருள்ள, வங்கிச் சுவரோடு சேர்ந்த இயந்திரத்தை நாடுங்கள். சுற்றுலாத் தெருக்களில் தனியாக நிற்பவை கட்டணம் கூட்டி எடுக்கும். ‘ரூபாயில் கழிக்கவா, யூரோவிலா’ என்று திரை கேட்டால் யூரோ. எப்போதும் யூரோ.

ஆறு ஏறும், இறங்கும்

தேஜு ஆறு ஸ்பெயின் மலையில் பிறந்து 1,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்து லிஸ்பனில் கடலைச் சேர்கிறது. நகருக்குச் சற்று மேலே குடாபோல அகன்று விரிந்துவிடுவதால் அந்த நீர்ப்பரப்பை ‘வைக்கோல் கடல்’ என்று அழைக்கிறார்கள். மகாவலி கொட்டியாரக் குடாவில் விழும் இடத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஆறும் கடலும் எங்கே பிரிகிறதென்று தெரியாத அந்த நிறம் அந்நியமாக இராது.

ஒரு விஷயம் மட்டும் நமக்குப் புதிது. நம்முடைய கடல் வற்றிலும் பெருக்கிலும் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காது. அத்லாந்திக்கில் அப்படியல்ல, பூரணை, அமாவாசையை ஒட்டிய நாட்களில் லிஸ்பனில் நீர் மூன்றரை மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். இதைக் கணக்கில் எடுக்காதவர்கள் வழுக்கி விழுகிற இடம் காய்ஷ் தாஷ் கொலூனாஷ். ப்ராசா து கொமெர்சியு என்ற பெரிய சதுக்கத்தின் ஆற்றுப்பக்க விளிம்பில், இரண்டு கல்தூண்களுக்கிடையே வெண்கல் படிகள் தண்ணீருக்குள் இறங்கும். ஒருகாலத்தில் அரசர்களும் தூதர்களும் நகருக்குள் நுழைந்த படித்துறை. நீர் முழுக்க ஏறியிருந்தால் தூணின் அடியில் அலை மோதும். படகு போகும்போது எழும் அலை மேற்படியில் நிற்பவரின் சப்பாத்தை நனைத்துவிடும். நீர் வற்றியிருந்தால் கீழ்ப்படிகள் வெளியே தெரியும், ஆனால் பச்சைப்பாசி. காய்ந்து வெளுத்துத் தெரியும் படியில் மட்டும் கால் வையுங்கள். நீர் பாதி இறங்கியிருக்கும் மாலை வேளையில் நாலாவது ஐந்தாவது படியில் அமர்ந்திருப்பதுபோல் சுகம் அந்த நகரில் குறைவு. நீர் ஏற்ற அட்டவணை இணையத்தில் இலவசம். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் பின்தள்ளிப் போகும் என்று வைத்துக்கொண்டால் ஒருமுறை பார்த்தாலே மூன்று நாளுக்குப் போதும்.

அந்தச் சதுக்கத்தின் பழைய பெயர் ‘அரண்மனை முற்றம்’. அரண்மனையைத் தேடாதீர்கள். 1755 நவெம்பர் 1ஆம் திகதி காலை பூமி அதிர்ந்து தேவாலயங்கள் சரிந்தபோது, மக்கள் வெட்டவெளி என்று நம்பி ஆற்றங்கரைக்கு ஓடி வந்தார்கள். ஆறு பின்வாங்கி அடிமணல் தெரிந்தது. பிறகு அலை வந்தது. அதற்குப் பிறகு பல நாள் தீ. 2004 மார்கழியைக் கண்ட கரையிலிருந்து போகிறவர்கள் இங்கே சற்று நேரம் பேசாமல் நிற்பார்கள், நிற்கட்டும். பின்பு திரும்பிப் பாய்ஷாவைப் பாருங்கள்: மார்க்கேஸ் த பொம்பால் என்ற அமைச்சரின் பொறுப்பில் நேர்கோட்டுத் தெருக்களாக அதைத் திரும்பக் கட்டினார்கள். சுவருக்குள்ளே மரச்சட்டங்களால் ஒரு கூடு செய்து, அடுத்த அதிர்வில் கல் உதிர்ந்தாலும் கூடு நிற்கும்படி அமைத்தார்கள். மேலே ஷியாதுவில் கார்மு மடத்தின் தேவாலயம் கூரையில்லாமல் அப்படியே நிற்கிறது. வானம் தெரியும் அந்த வளைவுகளைப் பார்த்தபிறகு பாய்ஷாவின் ஒழுங்கு வேறுமாதிரித் தெரியும்.

மேட்டுக்கு வாகனம், இறக்கத்துக்குக் கால்

லிஸ்பன் நடைபாதைகள் முழுக்கக் கைக்குள் அடங்கும் சுண்ணக்கல் துண்டுகளைப் பதித்துச் செய்தவை. பல ஆண்டுக் காலடியில் தேய்ந்து கண்ணாடிபோல் ஆகியிருக்கும். மழைத்துளி விழுந்த பத்து நிமிடத்தில் சரிவான தெருவில் நிற்கவே முடியாது. தோல் அடியுள்ள சப்பாத்தும் ரப்பர் செருப்பும் ஆகாது. பள்ளமும் மேடுமாக வெட்டிய மென்மையான ரப்பர் அடி வேண்டும். புதுச் சப்பாத்தை விமானம் ஏறும் அன்று போடாமல், இரண்டு வாரம் முன்பே போட்டுக் கடற்கரை வீதியில் நடந்து பழக்குங்கள். சேலை கட்டுகிறவர்கள் கணுக்கால் தெரியும் உயரத்துக்குக் கட்டினால் படியில் தடுக்காது.

ஏறுவதற்கு வழிகள் இருக்கின்றன, எல்லாம் காசு கேட்பவையும் அல்ல. பாய்ஷாவில் ஃபங்கெய்ருஷ் தெருவில் ஒரு சாதாரணக் கட்டடத்துக்குள் பொது லிஃப்ட் உண்டு. அது மேலுள்ள மதலேனா தெருவில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து சிறிது நடந்தால் ஒரு சுப்பர்மார்க்கட் கட்டடத்துக்குள் இரண்டாவது லிஃப்ட். இரண்டும் இலவசம், கோட்டைக்குப் போகும் மேட்டில் முக்கால்வாசி முடிந்துவிடும். ஷியாதுவுக்குப் போக மெட்ரோ நிலையத்தின் நீண்ட நகரும் படிகளைப் பயன்படுத்தலாம். குளோரியா சரிவு ரயிலை மட்டும் நம்பித் திட்டமிடாதீர்கள். 2025 செப்டெம்பரில் நடந்த கொடிய விபத்தோடு அது நின்றது.

மஞ்சள் ட்ராம் 28 படங்களில் அழகாக இருக்கும். காலை 9 மணிக்குப் பிறகு அதில் ஏறினால் அடுத்தவரின் முதுகைத்தான் பார்க்கலாம், கைப்பையும் பத்திரமில்லை. மார்த்திங் முனீஷ் தரிப்பிடத்தில் விடியற்காலையே முதல் ட்ராம்களில் ஏறுங்கள். இல்லையென்றால் அல்ஃபாமாவைச் சுற்றிவரும் 12ஐப் பிடியுங்கள். பையை நெஞ்சுப்பக்கம் போடுங்கள், கைபேசியைக் காற்சட்டையின் பின்பையில் வைக்காதீர்கள். கதவு மூடும் தறுவாயில் நெருக்கிக்கொண்டு ஏறுவதும் உடனே இறங்குவதுமாக இருக்கும் கூட்டம்தான் கவனிக்க வேண்டியது.

அல்ஃபாமாவை மேலிருந்து கீழே நடக்க வேண்டும். தொடங்குமிடம் போர்த்தாஷ் து சோல் என்ற காட்சி மேடை. காலை 8 மணிக்குப் போனால் ஆறு முழுவதும் உங்களுக்கு. அங்கிருந்து படிகளில் இறங்கிக்கொண்டே இருங்கள். சந்துகள் நம் பழைய தெருவீடுகளைவிட நெருக்கம். கைபேசியின் வரைபடம் அங்கே தடுமாறும், அதைப் பைக்குள் வையுங்கள். யன்னலுக்கு யன்னல் துவாய் காயும், மீன் பொரியும் வாசம் வரும், கிழவிகள் கதவடியில் கதிரை போட்டு இருப்பார்கள். அவர்கள் வீட்டு வாசலைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். முக்கால் மணியில் ஃபாது இசை அருங்காட்சியகத்தின் முன்னால் வந்து விழுவீர்கள். பயணக் கப்பல் துறையும் அங்கேதான். பெரிய கப்பல் கட்டிய நாளில் 10 மணிக்கு மேல் சந்துகள் நிறைந்துவிடும், அதனால்தான் காலை என்று சொல்வது.

ஃபாது கேட்கப் போகிறவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். விளக்கைக் குறைத்ததும் பேச்சு, கரண்டிச் சத்தம், கைபேசி எல்லாம் நிற்க வேண்டும். பாட்டு நடுவில் உணவு பரிமாறக்கூட மாட்டார்கள். நம் கோயில் மண்டபத்தில் ஓதுவார் தேவாரம் எடுக்கும்போது இருக்கும் அமைதியைக் கொண்டுபோங்கள், அது போதும்.

பெலேங்

இதற்கு ஒரு முழுநாள் ஒதுக்குங்கள், திங்கட்கிழமை வேண்டாம். ஜெரோனிமுஷ் மடமும் கோபுரமும் அன்று மூடியிருக்கும். எல்லாரும் 15 ட்ராமுக்குக் காத்து நிற்பார்கள்; நீங்கள் காய்ஷ் து சொட்ரேயில் காஷ்காய்ஷ் ரயிலில் ஏறுங்கள். பத்து நிமிடத்துக்குள் சேரும், இடப்பக்கம் இருந்தால் ஆறு கூடவே வரும். எல்லா ரயிலும் பெலேங்கில் நிற்பதில்லை. பலகையில் நிறுத்தங்களைப் பார்த்து ஏறாவிட்டால் கடற்கரை ஊர்களில் போய் இறங்க நேரும்.

புறப்படும் வாரத்தில் நம்மூர்ப் பிரட்ரிக் கோட்டை வாசலில் ஒருமுறை நின்று பாருங்கள். இந்தக் கையேட்டில் இதுவும் ஒரு படிதான். 1620களில் போர்த்துக்கீசத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக்கொண்டே கோட்டை கட்டினான். வாசற் கல்லில் இன்றும் இரட்டைக் கயலும் தமிழ்க் கல்வெட்டும் தெரியும். அதைப் பார்த்த கண்ணோடு பெலேங் கரையில் நிற்பது வேறு. கரையோரத்தில் கப்பல் முனைபோல எழும்பி நிற்கும் கண்டுபிடிப்புகளின் சின்னம் 1960இல் கொங்கிரீட்டிலும் கல்லிலும் கட்டியது. அதன் இருபுறமும் மாலுமிகள், மன்னர்கள், மதகுருமார் வரிசையாக ஏறுகிறார்கள். அது ஒரு பக்கத்தின் கதை. அதன் மறுபக்கம் பிரட்ரிக் கோட்டை வாசலில் கிடக்கிறது. சின்னத்தின் முன்னால் தரையில் வண்ணக் கற்களால் பதித்த உலக வரைபடம் இருக்கிறது. அதில் நம் தீவைத் தேடிப்பிடித்து, லிஸ்பனிலிருந்து அதுவரை காலால் நடந்து பாருங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் இதைவிட நல்ல சரித்திர பாடம் வேறில்லை.

மடத்துக்கு நேரம் குறித்த டிக்கட்டை இணையத்தில் முன்பே வாங்கி, திறக்கும் வேளையில் போங்கள். கட்டத் தொடங்கியது 1500களின் ஆரம்பத்தில், வாசனைத் திரவிய வணிகத்தில் வந்த வரிக்காசில். அப்போது மடத்துக்குப் பக்கமாகவே ஆறு இருந்தது. பின்னாளில் கரையைத் தூர்த்ததால் இப்போது தள்ளி நிற்கிறது. தேவாலயத்துக்குள் வாஸ்கோ ட காமாவின் கல்லறை. பலிபீடத்துக்கு அருகே மன்னர்களின் கல்லறைகளைப் பளிங்கு யானைகள் தாங்கி நிற்கின்றன, தவறவிடாதீர்கள். பெலேங் கோபுரத்தை 2025இல் திருத்தப் பணிக்காக மூடினார்கள். திறந்திருந்தாலும் உள்ளே ஒரே ஒரு குறுகிய சுழற்படிதான். ஏறுகிறவரும் இறங்குகிறவரும் முறைவைத்துப் போகவேண்டும். முழங்கால் வலியுள்ளவர்கள் வெளியிலிருந்தே பார்க்கலாம். அதன் அழகு வெளிப்புறத்தில்தான், அதுவும் பின்னேர வெயிலில் கல் மஞ்சளாகும்போது.

1837 முதல் பெலேங்கில் ஒரே கடையில் சுடும் முட்டைக் கிண்ணப் பலகாரத்துக்கு வெளியே நீண்ட வரிசை நிற்கும். அது வாங்கிக்கொண்டு போகிறவர்களின் வரிசை. உள்ளே நீல ஓடு பதித்த அறை அறையாகப் பல மேசைகள். பெரும்பாலும் அங்கே சீக்கிரம் இடம் கிடைக்கும். சூடாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும், ஆறினால் மேலோடு தோல்போல் இழுபடும். மேலே தூவ மேசையில் கறுவாத்தூள் இருக்கும், ‘கனேலா’ என்பார்கள். அந்தக் கறுவாவுக்காகத்தான் அவர்கள் நம் தீவில் வேரூன்றி நின்றார்கள் என்பதை நினைத்துக்கொண்டு தாராளமாகத் தூவுங்கள். முட்டை மஞ்சட்கரு இல்லாமல் இந்தப் பலகாரம் இல்லை. முட்டை சேர்க்காதவர்கள் தவிர்க்க வேண்டும்.

திரும்பி வரும்போது 25 ஏப்ரல் பாலத்தின் அடியில் சிறிது நில்லுங்கள். மேலே ஒரு பெருந்தேனீக்கூடு இரைவதுபோல் கேட்கும். பாதையின் ஒரு பகுதி இரும்புச் சல்லடைத் தகடு, அதன்மேல் சக்கரம் ஓடும் ஒலி அது.

வாயில் ஏற்கெனவே இருக்கும் சொற்கள்

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவரைவிட நமக்கு லிஸ்பன் எளிது. பறங்கி விட்டுப்போன சொற்களில் பாதியை நாம் இன்னும் வீட்டில் பேசுகிறோம். அறைச் சாவி அங்கே ‘ஷாவ்’. யன்னல் ‘ஜனேலா’, மேசை ‘மேசா’, கதிரை ‘கதேய்ரா’, துவாய் ‘துவால்யா’, குசினி ‘குசீன்யா’, சப்பாத்து ‘சபாத்து’, அன்னாசி ‘அனனாஷ்’, பாண் மூக்கால் சொல்லும் ‘பாவ்ங்’. விறாந்தையும் அலவாங்கும் லேஞ்சியும்கூட அவர்களுடையவைதான். சொல் முடிவில் வரும் ‘ஸ்’ஸை ‘ஷ்’ என்று சொன்னால் பாதி உச்சரிப்பு சரியாகிவிடும். பாலையூற்றுப் பக்கம் பறங்கியர் வீட்டு முதியவர்களைத் தெரிந்திருந்தால் அவர்களுடைய போர்த்துக்கீசத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். லிஸ்பன் பேச்சிலிருந்து விலகிப்போன மொழிதான், ஆனாலும் காது பழகும்.

ஒரு சொல் மட்டும் எல்லாரையும் ஏமாற்றும். கடைக் கதவில் எழுதியிருக்கும் ‘புஷ்’ என்ற ஒலியுள்ள சொல்லுக்கு ‘இழு’ என்று பொருள். தள்ளிக்கொண்டே நிற்காதீர்கள்.

சாப்பாட்டுக் கடையில் இருந்ததும் கேட்காமலே பாண், ஒலிவ் காய், பாற்கட்டி வந்து மேசையில் இறங்கும். உபசாரம் என்று எடுத்தால் பில்லில் வரும். வேண்டாமென்றால் தொடாமல் திருப்பிக் கொடுக்கலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள். பழைய சின்னக் கடைகளில் ‘தோஸ்’ என்றால் இருவருக்கான அளவு, ‘மேயா தோஸ்’ பாதி. ஒருவருக்குப் பாதியே தாராளம். மதியம் 12.30 முதல் 3 மணிவரை ‘அன்றைய சாப்பாடு’ கேளுங்கள், மலிவு, புதிது.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு அது நல்ல ஊர். யூன் முதல் செப்டெம்பர் வரை சார்தீன்யா கொழுத்திருக்கும். நம்முடைய சூடையின் சொந்தம். கல்லுப்பு தூவிக் கரியில் வாட்டி, அடியில் பாண் துண்டு வைத்துத் தருவார்கள், எண்ணெய் ஊறிய அந்தப் பாணைக் கடைசியில் சாப்பிடுங்கள். பக்கல்யாவ் என்பது உப்பிட்டுக் காயவைத்த கொட் மீன். நம் கருவாட்டைப்போல் அப்படியே குழம்பில் போடுவதில்லை. ஒன்றிரண்டு நாள் நீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை இறக்கிச் சமைப்பார்கள். முதன்முறை சாப்பிடுபவர்கள் முட்டையும் கிழங்குச் சீவலும் சேர்த்துக் கிளறிய ‘ஆ ப்ராஷ்’ வகையில் தொடங்கலாம். சோறு தேடும் வயிற்றுக்கு ‘அர்ரோஷ் து பொல்வு’, சாக்குக்கணவாய் போட்ட தளதளப்பான சோறு. உறைப்பு வேண்டுமென்றால் ‘பிரி-பிரி’ கேளுங்கள்.

மாட்டிறைச்சி ‘வாக்கா’, பன்றி ‘போர்க்கு’, கோழி ‘ஃப்ராங்கு’, மீன் ‘பேய்ஷ்’. பச்சைநிறக் கீரைச் சூப்பில்கூட ஒரு துண்டு பன்றித் தொத்திறைச்சி மிதக்கும். ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் அதைப் பொறுக்கி எடுத்துவிட்டுத் தருகிற கடையும் உண்டு. சைவர்கள் ‘சோ வெஜெத்தாரியானு’, பெண்களானால் ‘வெஜெத்தாரியானா’ என்று முதலிலேயே சொல்லுங்கள். லுமியார் பகுதியில் ராதாகிருஷ்ணர் கோயிலும் அங்கேயே சைவச் சாப்பாட்டுக் கூடமும் இருக்கின்றன. அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் மார்த்திங் முனீஷைச் சுற்றிய தெற்காசியக் கடைகளில் கிடைக்கும். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். தேநீர் ‘ஷா’, பால் கேட்டால் ஆறின பால் தனியாக வரும். கோப்பியில் ‘கலாவ்ங்’ கேளுங்கள், உயரக் கண்ணாடியில் பால் நிறைய ஊற்றி நம் நாக்குக்கு ஏற்றமாதிரி இருக்கும்.

திரும்பும் விமானம் விடியற்காலை என்றால் மெட்ரோ 6.30க்கு முன் ஓடாது, முதல் நாளே டாக்சி சொல்லி வையுங்கள். நவெகாந்த் அட்டையை எறியாதீர்கள். வாங்கிய நாளிலிருந்து ஓராண்டு செல்லும்; மிச்சமிருக்கும் ஸாப்பிங் காசோடு அடுத்துப் போகிறவருக்குக் கொடுத்தால் அவருடைய முதல் படகுக்கு ஆகும்.